கருவை மீது ஒரு உருப்படியான குற்றச்சாட்டு

சீமைக்கருவேல மரத்தின் மீது நம் ஊர்ப்பக்கம் சொல்லப்படாத குற்றம் இல்லை. நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, காற்றின் ஈரத்தைக் குடிக்கிறது, நச்சுக்காற்று விடுகிறது, அதன் நிழலில் கட்டிய மாடு சினை பிடிக்காது, பறவைகூட அதில் கூடு கட்டாது. மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தொண்டிப் பக்கம் போனாலும் சரி, உள்ளே ஆவுடையார்கோவில் பக்கம் திரும்பினாலும் சரி, பெரும்பாலும் கண்ணில் படுவது கருவைதான் என்பதால் இந்தக் குற்றப்பத்திரிகை எல்லோருக்கும் மனப்பாடம். 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் கருவையை அகற்றச் சொல்லி முடுக்கியபோது, வாட்ஸ்அப்பில் இந்தப் பட்டியல் இன்னும் நீண்டது.

பட்டியலில் பாதி புரளி. கூடு கட்டாது என்பதைச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களில் கருவைக் கிளையில் குஞ்சு பொரிக்கும் நாரைகள் ஒப்புக்கொள்ளாது. நச்சுக்காற்று என்பதற்கு ஆதாரமே கிடையாது. எல்லாப் பச்சை மரமும் விடுவதைத்தான் இதுவும் விடுகிறது. வேடிக்கை என்னவென்றால், ஆய்வுக்கூடத்தில் புரதம் புரதமாகப் பிரித்து, நோயாளிகளின் ரத்தத்தை வைத்து நிரூபித்த ஒரு குற்றம் உண்டு. அதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. கருவையின் மகரந்தம் மனிதர்களுக்கு ஒவ்வாமை உண்டாக்கும். தும்மல், மூக்கொழுகல், கண் அரிப்பு, சிலருக்கு ஆஸ்துமா.

இந்தக் குற்றத்திலும் மரத்தின் பங்கு பாதிதான். மீதி நம்முடைய ரத்தத்தில் இருக்கிறது.

பூத்திருக்கும் கருவைக் கிளை ஒன்றை ஒடித்துக் கிட்டத்தில் பாருங்கள். விரல் நீளத்துக்கு, வெளிர்மஞ்சளாக, பஞ்சு சுற்றிய குச்சி போலத் தொங்குவது ஒரு பூ அல்ல. நூற்றுக்கணக்கான குட்டிப் பூக்கள் நெருக்கியடித்த கதிர். பஞ்சாகத் தெரிவதெல்லாம் மகரந்தத் தாள்கள். சுண்டினால் விரலில் மஞ்சள் பொடி ஒட்டும். அந்தப் பொடியின் ஒரு மணி, மில்லிமீட்டரில் நூற்றில் மூன்று நான்கு பங்கு அகலம். நம் தலைமுடியின் கனத்தைவிடக் குறைவு. கருவை அடிப்படையில் தேனீக்களை நம்பிக் காய்க்கும் மரம். ஆனாலும் மகரந்தத்தில் ஒரு பங்கு காற்றிலும் போகிறது. மரம் ஒன்றிரண்டாக இருந்தால் இது பொருட்டில்லை. கண்மாய் நிறைய, புறம்போக்கு நிறைய, வேலி நெடுக நிற்கும்போது அந்த ஒரு பங்கே பெரிது. பிரிட்டிஷ் வன அதிகாரி பெட்டோம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1877இல் கடப்பைப் பக்கம் இதை முதலில் விதைத்ததாகப் பதிவு. பிறகு விறகுக்காக நாமே பரப்பினோம். இனிப்பு நெற்றைத் தின்று விதையைப் போட்டுப்போன ஆடுகள் மீதியைப் பார்த்துக்கொண்டன.

மகரந்தமணியின் வெளி ஓடு மிகக் கெட்டி. ஆயிரக்கணக்கான வருடம் சேற்றில் கிடந்தாலும் மக்காது. தும்ம வைப்பது அந்த ஓடு அல்ல. மூக்கின் ஈரச் சவ்வில் விழுந்ததும், சூலகமுடியில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மணி தன் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது; சில நிமிடங்களிலேயே உள்ளிருக்கும் புரதங்கள் கசிகின்றன. அந்தப் புரதங்கள் நமக்காகச் செய்யப்பட்டவையே அல்ல. மகரந்தக் குழாய் வளர ஒன்று, செல்லின் உள்சட்டத்தைக் கட்ட ஒன்று, கால்சியத்தைப் பிடித்து வைக்க ஒன்று என்று எல்லாம் மரத்தின் குடும்ப வேலைக்கு உள்ளவை. விஷம் ஒன்றுகூட இல்லை.

இப்படிப்பட்ட புரதங்களுக்கு உலக அளவில் ஒரே மாதிரி பெயர் வைக்கும் முறை உண்டு. தாவரத்தின் லத்தீன் பேரினப்பெயரில் முதல் மூன்று எழுத்து, சிற்றினப்பெயரில் முதல் எழுத்து, பிறகு ஓர் எண். கருவை ‘ப்ரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா’ என்பதால் அதன் ஒவ்வாமைப் புரதங்கள் ப்ரோ ஜே 1, ப்ரோ ஜே 2. முதலாவது, ஆலிவ் மகரந்தத்தில் கண்டெடுத்த புரதத்துக்கு உறவு. இரண்டாவது, புரோஃபிலின் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டையும் துல்லியமாக அடையாளம் கண்டதில் பெரும்பங்கு ஈரானின் அஹ்வாஸ் நகர ஆய்வாளர்களுக்கு. மணல் பறப்பதைத் தடுக்க என்று நகரைச் சுற்றி அவர்களும் இதே மரத்தை நட்டு, பிறகு நகரமே தும்மியது. நம் நாட்டில் டெல்லியிலுள்ள மரபணுவியல் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனத்தார் 2000களில் கருவை மகரந்தத்தைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 2022இல் தாவரவியலாளர்கள் இந்த மரத்தின் பேரினத்தையே ‘நெல்டூமா’ என்று மாற்றிவிட்டார்கள். மூக்குக்கு அது தெரியப்போவதில்லை.

குற்றமில்லாத ஒரு புரதத்தை உடம்பு எப்படி எதிரியாக எடுத்துக்கொள்கிறது? இதற்கு முதல் தடயம் கிடைத்தது மீனிலிருந்து.

1921. அன்று ஜெர்மனியிலிருந்த பிரெஸ்லாவ் நகரில் கார்ல் பிராஸ்னிட்ஸ், ஹைன்ஸ் க்யூஸ்ட்னர் என்று இரண்டு மருத்துவர்கள். க்யூஸ்ட்னருக்கு வேகவைத்த மீன் ஆகாது. தின்றால் உடம்பெல்லாம் தடிக்கும். பிராஸ்னிட்ஸுக்கு மீனால் தொல்லை இல்லை, புல் மகரந்தம்தான் ஆகாது. க்யூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து தெளிநீரை எடுத்துத் தன் வயிற்றுத் தோலில் ஒரு புள்ளியில் ஏற்றிக்கொண்டார் பிராஸ்னிட்ஸ். மறுநாள் அதே புள்ளியில் மீன் சாற்றை ஏற்றினார். மீனை நன்றாகச் சாப்பிடும் அந்த மனிதரின் தோல், அந்த ஒரு புள்ளியில் மட்டும் தடித்துச் சிவந்தது. ஆக, ஒவ்வாமை ஆளின் சுபாவமோ நரம்புக் கோளாறோ அல்ல. ரத்தத்தில் ஓடும் ஒரு பொருள். ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்கு மாற்றலாம். அந்தப் பொருளைக் கையில் பிடிக்க இன்னும் 45 வருடம் ஆயிற்று. காரணம், அது ரத்தத்தில் அவ்வளவு சொற்பம். 1966இல் அமெரிக்காவின் டென்வரில் கிமிஷிகே இஷிஸாகா, டெருகோ இஷிஸாகா தம்பதியர் அதைப் பிரித்தெடுத்தார்கள். எலியும் முயலும் இந்தச் சோதனைக்கு உதவாததால், தங்கள் முதுகுத் தோலிலேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே சமயம் சுவீடனின் உப்சாலாவில் யோஹான்ஸன், பென்னிக் இருவரும் ஒரு புற்றுநோயாளியின் ரத்தத்தில் அதே பொருளைக் கண்டார்கள். 1968இல் உலக சுகாதார நிறுவனக் கூட்டத்தில் அதற்கு ‘இம்யூனோகுளோபுலின் இ’ என்று பெயரிட்டார்கள். சுருக்கமாக ஐஜிஇ.

இனி மீமிசலில் ஓர் ஆளின் மூக்குக்குள் நடப்பதைப் பார்ப்போம். இருபது வயதில் கருவை மகரந்தம் முதல்முறையாகக் கணிசமாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று ஒன்றும் ஆகாது. சவ்வின் அடியில் காவலிருக்கும் டென்ட்ரைட் செல்கள், கசிந்த புரதத்தை விழுங்கித் துண்டாக்கி, அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்கு எடுத்துப் போய் டி செல்லிடம் காட்டுகின்றன. சாதாரணமாக ‘இதனால் தொந்தரவில்லை, விடு’ என்று முடிந்துவிடும். பெரும்பாலோருக்கு அப்படித்தான் முடிகிறது. சிலருக்கு, பரம்பரை காரணமாகவோ, புகையோ வைரஸோ சவ்வைப் புண்ணாக்கி அபாய சமிக்ஞை கிளப்பியிருப்பதாலோ, டி செல் வேறொரு வழியில் திரும்பி ‘டிஎச்2’ என்ற வகையாக மாறுகிறது. அது இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்ற செய்திப் பொருள்களை விடுகிறது. அதைக் கேட்ட பி செல்கள், வழக்கமான ஐஜிஜி எதிர்ப்பொருளுக்குப் பதிலாக ஐஜிஇயைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. ஐஜிஜியோடு ஒப்பிட்டால் இதன் அளவு பல பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ரத்தத்தில் இரண்டொரு நாளில் பாதி அழிந்தும் போகும். ஆனால் அது ரத்தத்தில் தங்குவதற்காக வந்ததல்ல. மூக்கு, கண், மூச்சுக்குழாய், தோல் ஆகியவற்றின் அடியில் உட்கார்ந்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது வாரக்கணக்கில் இருக்கும்.

இதுவரை தும்மல் இல்லை. ஆள் தயார்நிலைக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான். இதற்கு ஒரு பருவமும் ஆகலாம், பல வருடமும் ஆகலாம். ‘பிறந்ததிலிருந்து இந்த மரத்தடியில்தானே கிடக்கிறேன், இப்போது மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். கிடந்ததால்தான்.

அடுத்த பூப்பில் மறுபடி மகரந்தம். இப்போது புரதம் கசிந்து வந்து, மாஸ்ட் செல்லின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் ஐஜிஇயில் மாட்டுகிறது. ஒன்றில் மாட்டினால் ஒன்றும் நடக்காது. ஒரே மீனில் இரண்டு தூண்டில் மாட்டிக் கயிறுகள் நெருங்குவது போல, ஒரே புரதம் பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ இரண்டைச் சேர்த்து இழுக்க வேண்டும். இழுத்த உடனே மாஸ்ட் செல் தன்னிடமுள்ள பைகளைக் கொட்டுகிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம். பைகளிலுள்ள ஹிஸ்டமின் நரம்பைத் தொட்டால் அரிப்பும் தும்மலும். ரத்தக் குழாயைத் தளர்த்தினால் மூக்கடைப்பு. சுரப்பிகள் தூண்டப்பட்டால் தண்ணீராக ஒழுகல். தும்மல், அடைப்பு, ஒழுகல் மூன்றையும் மூன்று நோயாக நினைத்து மூன்று மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. மூன்றுக்கும் ஊற்று ஒன்றே.

இத்தோடு முடிவதில்லை. நான்கிலிருந்து எட்டு மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரும். கொட்டிய பொருள்கள் அழைத்ததால் இயோசினோஃபில் முதலான வெள்ளணுக்கள் வந்து குவிந்து சவ்வை வீங்க வைக்கும். காலையில் பட்ட மகரந்தத்துக்குச் சாயங்காலம் மூக்கடைக்கும். நாம் மத்தியானம் சாப்பிட்ட தயிரைக் குறை சொல்வோம். தயிர், இளநீர், வாழைப்பழம், தலைக்குக் குளித்தது என்று தமிழ்நாட்டில் வீணாகப் பழி சுமப்பவை ஏராளம்.

இவ்வளவு முரட்டு ஏற்பாடு உடம்புக்கு எதற்கு? பெரும்பாலான நோயெதிர்ப்பியலாளர்கள் சொல்வது குடற்புழுவை. பாக்டீரியாவைப் போல ஒரு வெள்ளணு விழுங்கிவிடக்கூடிய உருவமல்ல புழு. அதை அரித்து, நீரால் அடித்து, வெளியே தள்ளத்தான் முடியும். தும்மல், சளி, வயிற்றோட்டம் மூன்றும் வெளியே தள்ளும் வேலைகளே. புழு இல்லாத சுத்தமான உலகில் வேலையற்றுப்போன ஐஜிஇ, மகரந்தத்தோடு வம்புக்குப் போகிறது என்பது இந்தக் கருத்தின் நீட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2010இல் டென்மார்க்கில் மகரந்த ஒவ்வாமை உள்ள 100 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள், தும்மல் குறையவில்லை. ஆகவே புழு மாத்திரை போடுவதால் அலர்ஜி வந்துவிடும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோலை யாரும் மறைத்துவைக்க வேண்டாம்.

கருவைக்கே திரும்புவோம். அதன் இரண்டாவது புரதம் புரோஃபிலின் என்றேன். இந்தக் குடும்பம் பச்சைத் தாவரம் எல்லாவற்றிலும் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சம் உரு மாறி. கருவையின் புரோஃபிலினைப் பார்த்துப் பழகிய ஐஜிஇ, முலாம்பழத்திலும் தர்ப்பூசணியிலும் வாழையிலும் உள்ள புரோஃபிலினையும் அதுவென்றே நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பழத்தை வாயில் வைத்ததும் உதடும் அண்ணமும் அரிக்கிறது என்று சிலர் சொல்வது பொய்யோ பாவனையோ அல்ல. வயிற்றுக்குள் போனதும் இந்தப் புரதம் செரித்துவிடுவதால் பெரும்பாலும் வாயோடு நின்றுவிடும். கருவை அவரைக் குடும்பத்து மரம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டெல்லி நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கருவை மகரந்தத்துக்கு எதிரான ஐஜிஇ, நம் பிரியாணிக் குருமாவில் போடும் டபுள் பீன்ஸின் புரதங்களையும் பிடித்ததைக் காட்டினார்கள். பயந்து பீன்ஸை நிறுத்த வேண்டியதில்லை. சாப்பிட்டுத் தொந்தரவு வந்தவருக்குத்தான் அது செய்தி.

குற்றவாளிக் கூண்டில் கருவை தனியாகவும் நிற்கவில்லை. அறுகம்புல் உலகெங்கும் பேர்போன ஒவ்வாமைப் புல். அதன் மகரந்தத்திலுள்ள சின் டி 1, சூலகமுடியின் செல்சுவரைத் தளர்த்தி மகரந்தக் குழாய்க்கு வழிவிடும் புரதம். பிள்ளையாருக்குச் சாத்தும் இலையில் ஒன்றுமில்லை, பூவிட்டால்தான் பிரச்சினை. தென்னை மகரந்தத்தில் காக் என் 1 என்ற புரதத்தைக் கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்தார் அடையாளம் கண்டார்கள். ஆமணக்கு, வாகை, முள்ளுக்கீரை, கடற்கரைச் சவுக்கு எல்லாம் பட்டியலில் உண்டு. பெங்களூரில் பார்த்தீனியத்தின் மகரந்தத்தைப் பல வருடம் ஆராய்ந்தவர் இந்திய அறிவியல் கழகத்தின் பி.வி. சுப்பா ராவ். அந்தச் செடியைத் தொட்டால் தோலில் வரும் அரிப்பு வேறு கணக்கு. அங்கே ஐஜிஇக்கு வேலையில்லை, டி செல்களே நேராக இறங்குகின்றன.

ஆகவே மகரந்தத்தைக் காரணம் காட்டிக் கருவையை வெட்டு என்று சொன்னால், அதே நியாயப்படி தென்னந்தோப்புக்கும் அரிவாள் எடுக்க வேண்டிவரும். கருவையைக் கண்மாயிலிருந்தும் விளைநிலத்திலிருந்தும் அகற்றுவதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன. வெட்டிய பிறகும் காற்றில் மகரந்தம் இருக்கும். உருப்படியான முதல் வேலை, எந்த மாதம் எந்த மகரந்தம் எவ்வளவு பறக்கிறது என்று எண்ணுவது. ஒட்டும் நாடாவில் காற்றை உறிஞ்சி மணிகளைப் பிடிக்கும் கருவியை ஒரு மாடியில் வைத்து, தினமும் நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். சண்டிகரில் பட்டமேற்படிப்பு மருத்துவக் கழகமும் பஞ்சாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இப்படி எண்ணி, ஊருக்கே ஒரு மகரந்த நாட்காட்டி போட்டிருக்கிறார்கள். பெருஞ்செலவு இல்லை; பொறுமைதான் செலவு. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மாடிக்கும் இங்கே கடலோரத்து ஒரு பள்ளிக்கூட மாடிக்கும் அப்படி ஒரு கருவி வந்தால், எங்கள் ஊரில் ‘தூசி அலர்ஜி’ என்ற ஒரே பெயரில் போகிற பாதி நோய்க்குச் சரியான பெயர் கிடைக்கும்.

நோயாளி செய்ய வேண்டியதும் ஏறக்குறைய இதேதான். எந்த மாதம், எந்த நேரம், எங்கே போனால் என்று ஒரு நோட்டில் குறித்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். பிறகு தோல் குத்துச் சோதனை: முன்கையில் வரிசையாகச் சாறுகளின் துளி வைத்து, ஒவ்வொன்றின் வழியாகவும் தோலை நுனியால் லேசாகக் குத்துவார்கள். கால் மணி நேரத்தில் மூன்று மில்லிமீட்டருக்குக் குறையாமல் தடித்தால் அந்தச் சாற்றுக்கு ஐஜிஇ இருக்கிறது என்று பொருள். நோய் இருக்கிறது என்று பொருளல்ல. தடிப்பும் வந்து, அந்தப் பூ பூக்கும் காலத்தில் தொந்தரவும் வந்தால்தான் நோய். ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கும் சோதனைக்கும் இதே விதி. பிர்ச், டிமோத்தி என்று ஐரோப்பிய மரமும் புல்லுமாக நிரம்பிய பட்டியலைப் பெருவிலைக்குப் பார்த்துவிட்டு, கருவையும் அறுகும் அதில் இல்லாமல் ‘உங்களுக்கு அலர்ஜி இல்லை’ என்ற தாளோடு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பணம் கட்டும் முன் பட்டியலைக் கேளுங்கள்.

மருந்து விஷயம் சுருக்கமானது. அவில் கேட்கும், தூக்கமும் வரும். வண்டி ஓட்டுகிறவருக்கும் வள்ளம் ஏறுகிறவருக்கும் அது ஆகாது. செட்டிரிசினில் தூக்கம் குறைவு, ஃபெக்சோஃபெனடினில் இன்னும் குறைவு. அடைப்பு முக்கியத் தொல்லையானால் ஸ்டீராய்டு மூக்குத் தெளிப்பான் சிறந்தது, ஆனால் தினமும் அடிக்க வேண்டும். தும்மும்போது மட்டும் அடித்தால் பலன் குறைவு. அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் விட்டால் அதுவே அடைக்கும். ‘ஒரு ஊசி போட்டால் ஆறு மாதம் இருக்கும்’ என்று போடப்படும் ஸ்டீராய்டு ஊசி சர்க்கரையையும் எலும்பையும் கெடுக்கும்; பழக்கமாக்க வேண்டாம். மூச்சில் விசில் சத்தம் வந்தால் அது மூக்கு விவகாரம் தாண்டிவிட்டது, உடனே ஆஸ்பத்திரி.

நோயின் போக்கையே மாற்றும் வழி ஒன்று உண்டு. 1911இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையில் லெனார்ட் நூன் ஆரம்பித்தது: எது ஆகாதோ அதன் சாற்றையே துளித் துளியாகக் கூட்டிக் கொடுப்பது. மகரந்தத்தில் ஏதோ விஷம் இருக்கிறது, அதற்குத் தடுப்பூசி போடுகிறேன் என்று நினைத்துத்தான் அவர் செய்தார். காரணம் தவறு, வைத்தியம் சரி. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகி, ஐஜிஜி4 என்ற எதிர்ப்பொருள் உண்டாகி, ஐஜிஇக்கு முன்பே புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. மூன்று வருடம் தொடர வேண்டும். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அரை மணி நேரம் மருத்துவர் கண்முன் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்த மகரந்தம் என்று சரியாகத் தெரியாமல் தொடங்கினால் மூன்று வருடமும் வீண். ஆகவே சோதனையே முதல்படி. அதற்குப் போகிறவர்கள், மருத்துவரைக் கேட்டு ஒரு வாரம் முன்பே அவிலையும் செட்டிரிசினையும் நிறுத்திவிட்டுப் போங்கள். மாத்திரை உள்ளே இருக்கும்வரை கருவைச் சாற்றைக் குடம் குடமாகக் கொட்டினாலும் தோல் தடிக்காது.